எந்தக் கடைக்குப் போவது?

கடைக்குப் போய் உப்பும் புளியும் வாங்குவது ஒரு பெரிய காரியமா, அதைப் பற்றி ஒரு வியாசம் வேறு எழுத வேண்டுமா என்று வாசக நேயர்கள் நினைக்கக்கூடும். திருவல்லிக்கேணியில் குடியிருந்த வரையில் நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். தெருமுனையில் ஒரு மளிகைக் கடை. அதற்கு நாலு வீடு தள்ளி ஒரு காய்கறிக்காரி. சர்க்கரைக்கும் பருப்புக்கும் டி.யு.சி.எஸ். என்று ஊரார் அழைக்கும் கூட்டுறவுப் பண்டகசாலை. எந்தக் கடைக்குப் போவது என்ற கேள்வியே எழுந்ததில்லை. நம் தகப்பனார் போன கடைக்கு நாம் போனோம். அவர், அவருடைய தகப்பனார் போன கடைக்குப் போனார். பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது எப்படி நம் கையில் இல்லையோ, அப்படியே மளிகைக் கடையைத் தேர்ந்தெடுப்பதும் நம் கையில் இல்லாத விஷயமாகவே இருந்தது.

இரண்டு வருஷங்களுக்கு முன்னால் நம் சகதர்மிணிக்கு ஜெர்மனி தேசத்தில் எஸ்ஸென் என்னும் நகரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் உத்தியோகம் கிடைத்தது. இருபது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்த பள்ளிக்கூடத்தில் விடைபெற்றுக்கொண்டு, எழுபத்திரண்டு வயதான தாயாரையும், பன்னிரண்டு வயதுப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு நாமும் கிளம்பினோம். நம் பட்டங்களின் யோக்கியதையை ஜெர்மன் சர்க்கார் இன்னும் பரிசீலித்து வருகிறது. பட்டம் செல்லும் என்று ஏற்பட்டாலும், பாஷை சரளமாக வராத உபாத்தியாயரை வகுப்புக்குள் யார் விடுவார்கள்? ஆகவே நம் வீட்டின் தற்போதைய நிலைமை இதுதான்: சம்பாதிப்பவர் ஒருவர், சாப்பிடுபவர் நால்வர், பையைத் தூக்குகிறவர் நாம்.

ஜெர்மன் பாஷையில் ‘எஸ்ஸென்’ என்றால் சாப்பாடு என்றும் அர்த்தம். ஊரின் பெயர் வேறு மூலத்திலிருந்து வந்தது என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இருந்தாலும், சாப்பாடு என்ற பெயருள்ள ஊருக்கு வந்து நம் தாயார் சாப்பாட்டை நிறுத்தினார் என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நிறுத்தினார் என்றால் ஒரே நாளில் நிறுத்திவிடவில்லை. முதல் மாதம் ராத்திரி பலகாரம் நின்றது. அடுத்த மாதம் காலையில் காப்பி மட்டும் போதும் என்றார். மார்கழி பிறந்ததும் பகலில் இரண்டு கைப்பிடி சாதமும் தயிரும் என்று ஆயிற்று. ஏன் என்று கேட்டால், “எனக்குப் பசி இல்லை, அப்பா” என்பதே பதில். டாக்டர் தராசில் நிறுத்திப் பார்த்து, ஐந்து கிலோ குறைந்திருப்பதாகச் சொன்னார். வியாதி ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். வியாதி இல்லாமல் மெலிவதுதான் நமக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அப்பொழுது நாம் வாங்கி வந்துகொண்டிருந்த அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த ஊர்க் கடைகளில் அரிசியை 125 கிராம் வீதம், ஓட்டைகள் உள்ள சிறு பைகளில் அடைத்து விற்கிறார்கள். பையோடு கொதிக்கும் நீரில் போட்டு, வெந்ததும் தூண்டில் மீனைப் போல வெளியே இழுத்து, பையைக் கிழித்துக் கொட்ட வேண்டும். கஞ்சி வடிப்பது, பதம் பார்ப்பது ஒன்றும் கிடையாது. மணி மணியாக, ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் விழும். நம் தாயார் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்து, “இது மருந்துக் கடையில் விற்பதா?” என்று கேட்டார். சகதர்மிணிக்கோ அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் வேலை முடிகிறது, விலையும் மலிவு.

ஆகக்கூடி, எந்தக் கடைக்குப் போவது என்ற கேள்வி நம் வீட்டில் ஒரு கட்சி விவகாரமாக மாறிவிட்டது. சகதர்மிணியின் கட்சி மலிவுக் கடை. தாயாரின் கட்சி, தமிழ் பேசுகிறவர் கடை எங்கே இருந்தாலும் அங்கே. பெண்ணின் கட்சி, பள்ளித் தோழிகள் தின்னும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எங்கே கிடைக்குமோ அந்தக் கடை. நாம் நடுநிலைமை வகித்து, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, மூன்று மாத காலம் எல்லாக் கடைகளையும் பரீட்சை செய்வதென்று தீர்மானித்தோம்.

புது தேசத்தில் கடைக்குப் போகிறவனுக்கு முதலில் சில பால பாடங்கள் உண்டு. தள்ளுவண்டி வேண்டுமானால் ஒரு யூரோ நாணயத்தை அதன் வாயில் போட வேண்டும். வண்டியைத் திரும்ப மாட்டினால் நாணயம் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இதற்கென்று 1956-இல் ஒரு கடையடைப்புச் சட்டம் செய்தார்கள்; 2006-இல் அதிகாரம் மாகாணங்களின் கைக்குப் போன பிறகும் ஞாயிறு ஓய்வு பெரும்பாலும் அப்படியே இருந்து வருகிறது. ரயில் நிலையத்துக் கடைகள்தாம் திறந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் ஜனங்கள் வாங்குகிற வேகத்தைப் பார்த்தால், மறுநாள் முற்றுகை ஆரம்பமாகிறதோ என்று தோன்றும். பிறகு பாட்டில் விவகாரம். தண்ணீர் வாங்கினால் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் கட்ட வேண்டும். காலிப் பாட்டிலைக் கடையிலுள்ள யந்திரத்தில் போட்டால் அந்தப் பணத்துக்குச் சீட்டு வரும். 2003 முதல் இந்த ஏற்பாடு. வழியில் குடித்து முடிப்பவர்களில் சிலர் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். பொறுக்கிச் சேர்த்துப் பிழைக்கும் ஏழைகள் தொட்டிக்குள் கைவிட வேண்டாம் என்பதற்காக! செல்வம் கொழிக்கும் தேசத்திலும் பாட்டில் பொறுக்கும் கிழவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் அந்த வரிசை பாட்டில்களிலிருந்துதான் தெரிந்துகொண்டோம்.

கணக்கு உபாத்தியாயருக்கு உகந்த ஏற்பாடு ஒன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒவ்வொரு பண்டத்தின் விலைக்கும் கீழே, கிலோவுக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பெரிய பெட்டியில் கொஞ்சம் சரக்கைப் போட்டுக் கண்ணைக் கட்டும் வித்தை இங்கே செல்லாது. கண்ணாடியை மட்டும் மறக்காமல் எடுத்துப் போக வேண்டும்.

முதலில் ஆல்டி. இந்தப் பெயர் உலகமெங்கும் பிரசித்தமாகிவிட்டது. ஆனால் அது பிறந்தது இதே எஸ்ஸெனில், ஷோன்னெபெக் என்ற தொழிலாளர் பேட்டையில். சுரங்க வேலை செய்தவர் ஒருவரின் மனைவியான அன்னா ஆல்பிரெக்ட் நடத்திய சின்னக் கடைதான் அதன் மூலம். 1913-ஐ அதன் ஆரம்ப வருஷமாகச் சொல்வார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து திரும்பிய புதல்வர்கள் கார்ல், தேயோ இருவரும் கடையை ஏற்று நடத்தினார்கள். அலங்காரம் இல்லை, வகை வகையான சரக்கு இல்லை, உள்ள சரக்கைப் பெட்டியோடு வைத்து விற்பது, மிச்சமாகும் செலவை விலையில் கழிப்பது. இவ்வளவுதான் அவர்கள் மந்திரம். 1960-ஐ ஒட்டிச் சகோதரர்கள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சிகரெட் விற்பதா வேண்டாமா என்ற தகராறுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. வடக்குப் பிரிவின் தலைமை எஸ்ஸெனிலும், தெற்குப் பிரிவின் தலைமை பக்கத்து ஊரான மியூல்ஹைமிலும் இருக்கின்றன. நம் ஊரில் சகோதரர்கள் பாகம் பிரித்தால் நடுவே ஒரு சுவர் எழும்பும். இவர்கள் தேசத்தின் நடுவிலேயே கோடு கிழித்துக்கொண்டார்கள். 1971-இல் தேயோவைக் கடத்திக்கொண்டு போய்ப் பதினேழு நாள் வைத்திருந்து, எழுபது லட்சம் மார்க் வாங்கிக்கொண்டு விட்டார்களாம். அந்தத் தொகையை வியாபாரச் செலவில் சேர்த்து வரி கழிக்க அவர் கோரினார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை உண்மையோ அல்லவோ, அந்தக் கடையில் சாமான் வாங்கியவர்கள் நம்பத் தயங்க மாட்டார்கள்.

பணம் வாங்கும் இடத்தில் அவர்கள் காட்டும் வேகம் நம்மைப் பிரமிக்க வைத்தது. நாம் ஒரு பால் பாக்கெட்டைப் பையில் வைப்பதற்குள் ஒன்பது சாமான்கள் வந்து குவிந்துவிடும். பட்டைக் குறியைப் படிக்கும் யந்திரம் வருவதற்கு முன்னால், அதாவது 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலம் வரையில், அங்கே வேலை பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கான சாமான்களின் எண்களை மனப்பாடமாக வைத்திருந்து விரலால் தட்டினார்களாம். பதினாறாம் வாய்ப்பாட்டுக்கு மேல் போக மாட்டோம் என்று சத்தியாக்கிரகம் செய்த நம் மாணாக்கர்களை அப்போது நினைத்துக்கொண்டோம்.

அடுத்தது எடேகா. இது கொஞ்சம் கௌரவமான கடை. விளக்கு வெளிச்சமும், பழங்களை அடுக்கியிருக்கும் அழகும், பாலாடைக்கட்டி வெட்டித் தரும் அம்மாளின் புன்சிரிப்பும் சேர்ந்து நம் பெண்ணின் மனத்தைக் கவர்ந்துவிட்டன. பெயருக்கு என்ன பொருள் என்று விசாரித்தோம். 1898-இல் பெர்லினில் சில்லறை வியாபாரிகள் சிலர் கூடி ஒரு கொள்முதல் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். அதன் நீண்ட பெயரில் மூன்று எழுத்துக்களை எடுத்துக் கோத்ததுதான் எடேகா. அதில் கடைசி எழுத்து எந்தச் சொல்லுக்கு உரியது தெரியுமா? ‘குடியேற்ற நாட்டுச் சரக்கு வியாபாரிகள்’ என்ற சொல்லுக்கு. அரிசி, சர்க்கரை, காப்பி, டீ, மிளகு, ஏலம் இவற்றுக்கெல்லாம் அந்தக் காலத்து ஜெர்மன் மளிகைக்காரன் சூட்டிய பொதுப் பெயர் அது. ஒருவன் தன் மலைச்சரிவில் வளர்த்த கொடியில் விளைந்த மிளகை, பிடுங்கி ஆண்டவன் பேரால் அழைப்பதைப் பார்த்து நமக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த கையோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்தச் சங்கத்தைச் சேர்த்தவர்கள் பெரிய முதலாளிகள் அல்ல. தனித் தனியே நின்றால் பிழைக்க முடியாத சின்னக் கடைக்காரர்கள். ஆறு வருஷம் கழித்து, 1904-இல், நம் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பமாயிற்று. பெர்லினில் விற்கிறவர்கள் கூடினார்கள். திருவல்லிக்கேணியில் வாங்குகிறவர்கள் கூடினார்கள். அந்தச் சங்கத்தின் பண்டகசாலையில்தான் நம் தாயார் கல்யாணமான நாள் முதல் பருப்பு வாங்கினார். இதை அவரிடம் சொன்னபோது, “அங்கே பருப்பில் கல் இருக்கும், ஆனால் எடை சரியாக இருக்கும்” என்றார்.

நோட்டுப் புத்தகம் ஓர் ஆச்சரியத்தையும் வெளியிட்டது. கௌரவமான கடையிலும், கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டை விட்டுக் குனிந்து அடித்தட்டைப் பார்த்தால், கடையின் சொந்தப் பெயர் போட்ட பாலும் வெண்ணெயும் மாவும் இருக்கின்றன. அவற்றின் விலை மலிவுக் கடை விலையோடு பெரும்பாலும் ஒரு சென்ட் பிசகாமல் ஒத்திருந்தது. மலிவு என்பது கடையில் மட்டும் இல்லை, முதுகு வளைவதிலும் இருக்கிறது என்று சகதர்மிணியிடம் தெரிவித்தோம். “குனியாமலே மலிவாகக் கிடைக்கும்போது எதற்காகக் குனிய வேண்டும்?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பாலும் வெண்ணெயும் ரொட்டியும் சோப்பும் அவருடைய கட்சிக்கே போயின.

துருக்கியர் கடைக்கு நாம் போனது தற்செயல். 1961-இல் ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி கூலி வேலைக்கு வந்தவர்களில் பலர் இந்தப் பிரதேசத்து நிலக்கரிச் சுரங்கங்களிலும் உருக்கு ஆலைகளிலும் உழைத்தார்கள். 2018 டிசம்பரில் இங்கே கடைசி நிலக்கரிச் சுரங்கத்தையும் மூடிவிட்டார்கள். சுரங்கம் போயிற்று, வந்தவர்களின் பேரன்மார் நடத்தும் காய்கறிக் கடைகள் நிலைத்துவிட்டன. கத்தரிக்காய், வெண்டைக்காய், கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி, புதினா, கடலை, மைசூர்ப் பருப்பு என்று நாம் சொல்லும் சிவப்புப் பருப்பு எல்லாம் அங்கே உண்டு. துவரம் பருப்பு மட்டும் இல்லை. தயிரை வாளியில் விற்கிறார்கள். ‘யோகர்ட்’ என்று ஐரோப்பா முழுவதும் சொல்லும் சொல்லே துருக்கியருடையதுதான். ஒரு வாளி வாங்கி வந்தோம். தாயார் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, “இது தயிர்” என்றார். இந்த தேசத்தில் அவர் கொடுத்த முதல் நற்சாட்சிப் பத்திரம் அதுதான்.

ஒரு நாள் அவரையும் அழைத்துக்கொண்டு போனோம். கடைக்காரப் பையன் அவரைத் ‘தெய்ஸே’ என்று கூப்பிட்டான். அப்படியென்றால் தாயுடன் பிறந்தவள் என்று அர்த்தமாம். தகப்பனுடன் பிறந்தவளுக்கு வேறு சொல் உண்டாம். ஜெர்மன் பாஷையில் சித்தி, அத்தை இரண்டுக்கும் ஒரே சொல். இதைக் கேட்டதிலிருந்து நம் தாயாருக்குத் துருக்கியரிடம் ஒரு தனி மதிப்பு ஏற்பட்டுவிட்டது.

இனி, தமிழ்க் கடை. அது பக்கத்து நகரத்தில், ரயிலும் டிராமும் மாறி ஐம்பது நிமிஷப் பிரயாணத்தில் இருக்கிறது. நடத்துகிறவர் யாழ்ப்பாணத்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். 1983-இல் இலங்கையில் தமிழர்கள் மீது நடந்த கொடுமைகளுக்குப் பிறகு, கிழக்கு பெர்லினில் விமானம் விட்டிறங்கி மேற்கு பெர்லினுக்குள் புகுந்து அடைக்கலம் கேட்டவர்கள் அநேகர். அவரும் அந்த வழியாக வந்தவரே. பல வருஷம் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிச் சேர்த்த பணத்தில் கடை வைத்தார். வியாழக்கிழமை விமானத்தில் காய்கறி வரும். முருங்கைக்காய், பயற்றங்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை. பூச்சிமருந்துப் பரிசோதனைகளை எல்லாம் கடந்து வருவதால் கறிவேப்பிலை வெற்றிலைப் பாக்குத் தட்டில் வைக்கத்தக்க விலையில் விற்கிறது. அலமாரியில் புட்டு மா, வறுத்த மிளகாய்த்தூள், ஒடியல், கீழே மூட்டை மூட்டையாகப் புழுங்கலரிசி.

நம் உத்தியோகம் என்ன என்று அவர் முதல் நாளே விசாரித்து அறிந்துகொண்டார். அன்று முதல், “வாங்கோ மாஸ்ரர்” என்பதுதான் வரவேற்பு. இந்த தேசத்தில் நம்மை உபாத்தியாயராக அறிந்த கடை அது ஒன்றே என்பதால், நம் நடுநிலைமையை நாமே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டியிருந்தது. எனவே நோட்டுப் புத்தகத்தில் அந்தக் கடையின் விலைகளை இரட்டைக் கண்டிப்புடன் எழுதி வந்தோம்.

விலைகள் அவருக்குப் பாதகமாகவே இருந்தன. அவர் விற்கும் அதே அரிசியை, அதே பெயர் போட்ட பத்துக் கிலோ மூட்டையை, கம்ப்யூட்டர் மூலம் எழுதிப்போட்டால் மூன்று யூரோ குறைவாக வீட்டு வாசலில் கொண்டு வந்து இறக்குகிறார்கள். இதை ஒளிக்காமல் அவரிடமே சொன்னோம். அவர் கோபிக்கவில்லை.

“தெரியும், மாஸ்ரர். சனம் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும்தான் என்னட்டை வருது. அரிசியை ஆரும் வாங்கேல்லை. கறிவேப்பிலையை வித்து வாடகை கட்டேலாது” என்றார்.

பிறகு கணக்கை அவரே விளக்கினார். வியாழக்கிழமை வந்த காயில் மூன்றில் ஒரு பங்கு திங்கட்கிழமை குப்பைக்குப் போகிறது. அரிசியும் பருப்பும் கெடுவதில்லை. அவற்றில் வரும் லாபந்தான் காய்கறியின் நஷ்டத்தைத் தாங்க வேண்டும். ஜனங்கள் மூட்டையைக் கம்ப்யூட்டரிலும் கறிவேப்பிலையை இவரிடமும் வாங்கினால், சில வருஷத்தில் கறிவேப்பிலை வாங்கவும் கடை இராது. அவருடைய மகன் என்ஜினீயர். மகள் பாங்கியில் வேலை. கடையை ஏற்க இருவரும் வர மாட்டார்கள். “அதுக்காகத்தானே படிப்பிச்சது” என்று சொல்லிச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து விவரத்தைச் சொன்னோம். நால்வருக்கு மாதம் பத்துக் கிலோ அரிசி. மூட்டைக்கு மூன்று யூரோ வீதம் வருஷத்துக்கு முப்பத்தாறு. பருப்பு, புளி, நல்லெண்ணெய் வித்தியாசத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய தொண்ணூறு. ஒரு சம்பளக் குடும்பத்துக்கு இது அலட்சியமான தொகை அல்ல. பெண்ணின் மழைக்காலப் பூட்சும் கோட்டும் அதில் வாங்கலாம். சகதர்மிணி நம் கணக்கைச் சரிபார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார்.

“அந்த மனிதருக்கு நாம் தர்மம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வாங்கினால் அது அவருக்கு அவமானம். அம்மா எங்கே வாங்கின அரிசியைச் சாப்பிடுகிறாரோ அங்கே வாங்குங்கள். அதற்குத் தொண்ணூறு யூரோ அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன்.”

அப்புறம் தாயாரையும் வியாழக்கிழமைகளில் அழைத்துப் போகலானோம். அவர் மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, ஒரு கை அரிசியை அள்ளி, மோந்து பார்த்து, உள்ளங்கையில் உருட்டி, பழசா புதுசா என்று வாதாடுவார். “பழசுதான் அம்மா, நம்புங்கோ” என்பார் கடைக்காரர். வேர்க்கடலை கேட்டால் அவர் விழிப்பார். ‘கச்சான்’ என்று சொல்லத் தாயார் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. அரை மணியில் வாங்க வேண்டிய சாமானுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். கம்ப்யூட்டர் மூட்டையும் இந்த மூட்டையும் ஒரே அரிசிதான் என்று நாம் நிரூபிக்க முயன்றதில்லை. பங்குனி மாதம் டாக்டர் தராசில் இரண்டு கிலோ ஏறியிருந்தது. ராத்திரி பலகாரமும் மறுபடி ஆரம்பமாகிவிட்டது. அந்த வகையில் மாதம் பத்துக் கிலோ இப்போது போதவில்லை.

பெண்ணின் கட்சிக்குச் சனிக்கிழமை தோறும் ஒரு பாலாடைக்கட்டித் துண்டு என்று ராஜியாயிற்று. ஜூன் 24-ஆம் தேதியோடு பருவம் முடியும் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டை இந்த ஊரார் கொண்டாடி உண்பதைப் பார்த்து, அதையும் ஒரு முறை வாங்க வேண்டுமென்கிறாள். வாங்கிக் கொடுத்தோம். தாயார் அதில் கூட்டு வைத்தார். அபிப்பிராயங்கள் வேறுபட்டன.

தமிழ்க் கடையின் வாடகை ஒப்பந்தம் அடுத்த மார்ச்சு மாதத்தோடு முடிகிறதாம். புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா என்று அவர் இன்னும் தீர்மானிக்கவில்லை. சென்ற வியாழக்கிழமை நம் தாயார், அடுத்த சித்திரையில் மாவடு தருவித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். “வடு எண்டால் என்னம்மா?” என்றார் கடைக்காரர். தாயார் கட்டைவிரல் நுனியைக் காட்டி, காம்போடு இருக்க வேண்டும், தழும்பு கூடாது என்று விளக்கி, நாலு கிலோ என்றார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆர்டர் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.